திரேசியா வீட்டுச் சிவப்புத் தண்ணீர்

“அலோ… அலோ… ஏம்ப்பா, லைன்ல கீறியா, பூட்டியா?… அலோ!”

ஏசுபாதம் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதன் ஓட்டைகளை முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் காதில் வைத்தார். அந்தப் பக்கம் தராசுத் தட்டு மோதும் சத்தமும், யாரோ மலையாளத்தில் பேரம் பேசும் சத்தமும்தான் கேட்டன.

“இன்னா ஜனங்கய்யா இப்போ கீற ஜனங்க! ஃபோன எடுக்கறான், ஒரு அலோ, அவ்ளோதான். நாம வாய தொறக்கறதுக்குள்ள கீழ வெச்சிட்டு அவன் சோலிய பாக்கப் பூட்றான். மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் கூப்புட்றானே, இன்னா அவசரமோன்னு ஒரு இது வாணாம்? எங்க காலத்துல வாசல்ல ஒருத்தன் வந்து நின்னா, யாரு எவருன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி…”

தண்ணி என்ற சொல் வெளியே வந்ததும் பெரியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதமாக அந்த ஒரு சொல்தான் அவர் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

சனிக்கிழமை மத்தியானம். சேலையூரில் கேம்ப் ரோட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே புதிதாகத் திறந்த எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் அவர். சரியாகச் சாத்தாத கதவுக்கு வெளியே, ஸ்டூலில், அவர் பெண்டாட்டி ஞானம்மாள். அவர் கூப்பிட்டிருப்பது கொச்சியில் கோட்டைப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு. கடைக்கு அடுத்த வீடு திரேசியாவுடையது. திரேசியாவின் ஒரே மகள் பேபி. அந்தப் பேபியைத்தான் ஏசுபாதத்தின் மகன் ரவி கட்டிக்கொள்வதாக இருந்தது. ஏசுபாதம் பெண் பார்க்கப் போன அன்றைக்கே அது முறிந்துபோனது. பேபி மாட்டேன் என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு ரவியிடமிருந்து வந்தது ஒரே ஒரு இன்லண்டு கடிதம். நாலே வரி. நீ கெடுத்ததை நீயே சரி பண்ணு, அதுவரைக்கும் நான் தாம்பரம் மண்ணை மிதிக்கமாட்டேன் என்று. ஞானம்மாள்தான் அதைப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு அடுப்பை அணைத்தவள் இரண்டு நாள் பற்றவைக்கவில்லை.

அன்று காலை ஏசுபாதம் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று அறிவிக்கிற கலியாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டும். முதல் ஓலையை நாளைக்கே வாசியுங்கள் என்று கேட்டார். பெண்ணின் வாயால் சம்மதம் வாங்கி வா, அப்புறம் பார்க்கலாம் என்று சாமியார் கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டார். போன தடவை, ரவி முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்த ஓலையை நிறுத்தச் சொல்லி அதே மேசைக்கு முன்னால் நின்றவரும் இதே ஏசுபாதம்தானே.

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையிலெடுக்கும் சத்தம். ஒரு முனகல்.

“ஆங்… வந்துட்டீங்களா?… நான்தாம்மா, தாம்பரம் ஏசுபாதம். ரவி அப்பன். வெச்சிடாதீங்க, ரெண்டு நிமிசம் காது குடுத்து கேளுங்க. அன்னிக்கு நடந்தது நடந்துபோச்சி. நான் படிச்சவன் இல்ல. ரெயில் பொட்டிக்குக் கீழ படுத்து நட்டு முடுக்கன கலாசி. புது ஊரு, புது பாஷ. எறணாகுளத்துல ரெயில வுட்டு எறங்கனா போட்ல ஏறுன்றான். போட்ட வுட்டு எறங்கனா, கரையில தென்னமரம் ஒசரத்துக்கு ஒரு வல. கட்டயும் கல்லும் கட்டி தொங்கவுட்டு, அஞ்சு பேரு கயித்த இழுக்கறான், கடலுக்குள்ளேர்ந்து பூதம் மாரி எழுந்து வருது. அத்தினி இழுத்து உள்ள பாத்தா நாலு மீனு! ஊரே இப்டி கீதேன்னு எனக்கு அப்பவே ஒரு மாரி பூடுச்சி. அப்பால கடத்தெரு. இஞ்சி நெடி, மொளகு நெடி, மூட்ட மூட்டயா. நானூறு வருசமா கப்பல்ல வந்த அத்தினி தேசத்துக்காரனுக்கும் மொளகு வித்த ஊரு, நம்மள விக்க எம்மாநேரம் ஆவும்னு இவளாண்ட அங்கியே சொன்னேன். மனுசனுக்கு சந்தேகம் வர்றது சகஜம்தானே. எலயாண்ட ரத்த கலர்ல, சூடா, அடியில என்னமோ சீவல் கெடக்கற தண்ணிய கொண்டாந்து வெச்சா எவனா இருந்தாலும் கேப்பான். நானும் கேட்டேன். ஒரு வார்த்த முன்ன பின்ன வந்துடுச்சி. அத்த பெருசா எடுத்துக்காம…

“…இன்னாது?… யாரு?… கடக்காரரா?… யோவ், ஆம்பளயா நீ!… இவ்ளோ நேரம் உம் கொட்டிக்கினு கேட்டியே, நடுவுல நான் அவங்க இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?… கூட்டியார ஆளு போயிகீதா?… சரி… சரி… ஆமாய்யா, அந்த ஆளுதான்… நான்தான் அது… இல்ல, மூஞ்சியில ஊத்தல. தரையில ஊத்தனேன். யாரு சொன்னா மூஞ்சியிலன்னு?… போஸ்ட்மேனா?… அவனுக்கும் தெரியுமா?… சிரி, நல்லா சிரி.”

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஞானம்மாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

“திரேசியாம்மா இல்ல, கடக்காரனாம். பாவசங்கீர்த்தனம் பூரா மளிகக் கடக்காரனுக்குப் போச்சி. நீ உக்காரு.”

நடந்தது இதுதான். ரவி மூன்று வருஷமாகக் கொச்சியில், கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். திரேசியா புருஷனை இழந்தவள்; மூட்டை தூக்குகிற தமிழ் ஆட்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டே மகளைப் படிக்கவைத்தவள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வரும். ரவியும் அங்கேதான் சாப்பிட்டான். சாப்பிட்ட வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொள்கிறேன் என்று அவன் எழுதியதும் ஏசுபாதத்துக்கு வேறு யோசனையே ஓடவில்லை. சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள். வைத்துக் கொடுத்தால் ஆள் மயங்கிப் பின்னாலேயே சுற்றுவானே, அந்த மருந்து.

இந்தச் சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் ரயில்வே பாஸில் பெண்டாட்டியோடு ரயிலேறினார். இலை போட்டார்கள். சிவப்பாகத் தண்ணீர் வந்தது. ஞானம்மாள் தாகத்தில் ஒன்றரை டம்ளர் குடித்துவிட்டாள். ஏசுபாதம் மோந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கடைசியில் அந்த டம்ளரைத் திரேசியாவிடமே நீட்டினார். பெண் பார்க்கும் வீடாயிற்றே என்று சந்து ஜனம் முழுக்க வாசலிலும் ஜன்னலிலும் நின்றது. அத்தனை பேர் முன்னால் அவள் அதை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். சோதனை போடுகிற போலீஸ்காரனிடம் பையை உதறிக் காட்டுவதுபோல் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். ஏசுபாதம் தன் பெண்டாட்டியின் டம்ளரில் மிச்சமிருந்ததைத் தரையில் ஊற்றிவிட்டு இலையை விட்டு எழுந்தார்.

“அலோ… நீங்கதானா?… பேர சொல்லிடுங்க… தப்பா நெனைக்காதீங்க, இப்பதான் ஒருத்தன்கிட்ட ஏமாந்தேன்… திரேசியாம்மாதானே?… ஆமா… ஆமா. நான்தான்.”

இவ்வளவுதான் வந்தது. இரண்டு நாளாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பேச்செல்லாம் கடைக்காரனிடம் செலவாகிப் போயிருந்தது. சம்பந்தி என்று கூப்பிட வாய் எடுத்து, அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினார்.

“நல்லாகீறீங்களா?… ஆங்… இங்க எல்லாரும் சௌக்கியம்… இல்ல. இன்னா சௌக்கியம். சௌக்கியம் எதுவும் இல்லம்மா.

“…ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தாம்பரம் ஸ்டேசனாண்ட ஒரு நாயர் டீக்கட கீது. இருவது வருசமா எனக்கு அங்கதான் டீ. போன வாரம் மழைக்கு உள்ள தள்ளி நின்னேன். பின்னாடி அடுப்புல ஒரு குண்டான் கொதிக்குது, செவசெவன்னு. இன்னாய்யா இதுன்னேன். குடிக்கற தண்ணின்னான். ஏதோ மரத்துச் சீவலாம், பதிமொகமோ இன்னாவோ பேரு… ஆமா… அதேதான்… வவுத்துக்கு நல்லதுன்னான்… எல்லா வூட்லயும் அதான்னு சொன்னான்… ஆமா. கடப் பசங்க சோத்துக்கு அத்தத்தான் குடிக்கறாங்க. இருவது வருசமா என் முதுகுக்குப் பின்னாடி கொதிச்சிக்கினு கீது, ஒரு நாளு திரும்பிப் பாக்கல நானு. விசயத்த கேட்டு அந்தக் கடையே சிரிச்சிது. இப்ப நான் போனாலே ரோஸ் தண்ணி வேணுமா பெருசுன்றானுங்க.

“…தெரியும்மா. தண்ணி இன்னா தண்ணின்றது இல்ல, தெரியும்… ஆமா. உங்கள குடிக்கச் சொன்னேன்… ஆமா, எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க… ஜன்னல்ல பொம்பளைங்க, ஆமா… ‘நீ குடி மொதல்ல’ன்னேன். நீ-ன்னுதான் சொன்னேன்… மறக்கல.”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் கொதித்தது.

“…கீறேன், லைன்லதான் கீறேன். இன்னொண்ணு கீது. அத்த சொல்லி முடிச்சிட்றேன், அப்பால வெச்சிடுங்க, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நீங்க டம்ளர கவுத்துக் காட்டினீங்க பாருங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி… அதுல ஒண்ணியும் இல்லன்னு. நாயர் வந்து சொல்லணும்னு இல்ல. மருந்து வெச்சவ அப்டி மூஞ்சிய நேரா பாத்துக் குடிக்கமாட்டா. தெரிஞ்சேதான் எழுந்தேன்.”

வெளியே ஸ்டூல் கிறீச்சிட்டது.

“…ஏன்னா இன்னா சொல்றது? வாயில வந்தத சொல்லியாச்சி. ஊரே நிக்குது. நான் சொன்னது தப்பு, சோத்த போடுங்கன்னு அங்க எப்டிம்மா உக்கார்றது? எனக்கு வரல. அறுவத்தஞ்சு வருசத்துல ஒரு தபா வந்தது இல்ல. அப்பால நான் புடிச்சதுதான் சரின்னு காட்டிக்கணுமே. போட் ஜெட்டியில இவள நிக்கவெச்சி, உப்பு கரச்சி குடுத்து, கடல பாத்து வாந்தி எடுக்கவெச்சேன். மருந்து வெளிய வரணும்னு. வெறும் சோறுதான் வந்துது, உங்க வூட்டு சோறு. இங்க வந்து சிங்கப்பெருமாள் கோவிலாண்ட மருந்து எடுக்கற பொம்பள ஒருத்தியாண்ட இட்டுக்கினு போனேன். அவ எலுமிச்சம்பழத்த வவுத்துல உருட்டி, கருப்பா ஒரு உருண்டய எடுத்துக் குடுத்தா. அவ கையிலேயே வெச்சிருந்தா, நான் பாத்தேன். பாத்துட்டு அத்த பேப்பர்ல மடிச்சி, சாமியாராண்ட காட்டி, ஓலைய நிறுத்துங்கன்னேன். எல்லாம் தெரிஞ்சிக்கினேதான்.”

கூண்டுக் கதவு முழுசாகத் திறந்தது. ஞானம்மாள் வாசலில் நின்றாள். அந்தக் கருப்பு உருண்டை தன் வயிற்றுக்குள் இருந்ததென்று நம்பி, அந்தப் பயத்தில் பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் அவள். அவரையே பார்த்தாள். பூத்தில் காசு வாங்க உட்கார்ந்திருந்த பெண் கையிலிருந்த வாரப் பத்திரிகையைக் கீழே இறக்கினாள்.

“…இல்லம்மா, நான் பேசாததுக்கு… இவ கதவாண்ட வந்து நிக்கறா. இவளுக்கும் இது இப்பதான் தெரியும்… ஞானம், அவங்க பேசணுமாம், பேசறியா?… பேசமாட்டேன்றா. உங்களாண்ட கோவம் இல்ல, அத்த சொல்லச் சொல்றா. என்னாண்டதான்… ஆமா, திட்டத்தான் செய்வா. வூட்டுக்குப் போயி கீது எனக்கு.

“…நீங்களும் திட்டுங்க. திட்டிட்டா தேவல… அலோ?… திரேசியாம்மா?… இன்னாது?… மீன் கொழம்பா?… எனக்குன்னா?… நம்ம பக்கத்துப் பக்குவத்துல… தேங்கா இல்லாம… அது எப்டித் தெரியும் உங்களுக்கு?… ரவிய கேட்டா?… காலைல நாலு மணிக்கா எழுந்தீங்க… உம்… உம்… ஆமா, எலயில அப்டியே வெச்சிட்டுதான் எழுந்தேன்… தொடல.

“…யாருமே துன்னலயா அன்னிக்கு?… அவ்ளோ சோறுமா?… ரவி கூடவா?… உம்… உம்.”

அதற்கு மேல் அவரால் உம் கொட்டவும் முடியவில்லை. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. தண்ணீரைக் குடிக்கச் சொன்னதைப்பற்றி அவள் கேட்டதையெல்லாம் தாங்கிக்கொண்டார். அதற்குத்தான் தயாராகி வந்திருந்தார். போட்ட இலையை விட்டுவிட்டுப் போனதைத்தான் அவள் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

“…தப்புதாம்மா. பெரிய தப்பு. மன்னிச்சிக்கோங்க. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல… சரி… குடுங்க… குடுங்க, பேசறேன்.

“யாரு, பேபியா?… ஆமாம்மா, உங்க அம்மாவாண்ட எல்லாம் சொல்லிட்டேன்… உனக்கும் சொல்லணும். உன் கண்ணு முன்னாடி உன் அம்மாவ… கேளு. இன்னா வேணாலும் கேளு… தமிழ்லயே கேளு, புரியுது.

“…நான் ஒடம்பு சரியில்லாம படுத்தா… உம்… நீ கஞ்சி வெச்சி எடுத்தாந்தா… குடிப்பேன்மா. ஏன் குடிக்காம? மருமவ கையால… இல்ல, ஒப்புக்குச் சொல்லல… இல்ல… ரவி சொன்னானா? இன்னா சொன்னான்?… அந்தக் காப்பி விசயமா?… அது எப்பவோ நடந்தது… சரி, சத்தியமா சொல்லணுமா? கோவப்படமாட்டியே?”

கண்ணாடியில் அவர் முகம் அவருக்கே தெரிந்தது. ரெண்டு நாள் தாடியோடு, திருடனைப் போல. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“சந்தேகம் வரும்மா. பொய் சொல்லல. என் புத்தி அப்டி. என் கூடப்பொறந்தவ குடுத்த காப்பியக் கூட மோந்துதான் குடிப்பேன். கோயில்ல நன்ம அப்பம் வாங்கறப்ப சாமியாரு கைய ஒரு தபா பாத்துட்டுதான் நாக்க நீட்டுவேன்… ஆமா, நெசமா. உன் கஞ்சி வந்தாலும் உள்ள ஒண்ணு நெருடும். ஆனா வாய தொறக்கமாட்டேன். நீ குடி மொதல்லன்னு சொல்லமாட்டேன். நெருட நெருட குடிச்சிடுவேன். அம்மாந்தான் என்னால ஆவும். இத்தவிட பெருசா ஒண்ணு சொன்னா அது பொய்யி. அத்த நம்பி நீ வந்துடாத.

“…இன்னா சத்தத்தயே காணோம்?… சிரிக்கறியா?… ஏம்மா சிரிக்கற?… அம்மாவாண்ட இன்னா சொல்ற மலையாளத்துல?… அவங்களும் சிரிக்கறாங்களா?… ஓலையா?… நாளைக்கா?… நாளைக்கு வாசிக்கச் சொல்லட்டா? நல்லா ரோசன பண்ணிதான் சொல்றியா?… ரவியாண்ட நீயே சொல்லிட்றியா?… சரி… சரி. இரு, பேபி, வெச்சிடாத. ஏன் சரின்ற? சந்தேகம் வரும்னு நான் சொல்றேன், அதுக்கு நீ சரின்றியே… கோவம் பூடுச்சா? எப்டி பூடும் அதுக்குள்ள?… அலோ… அலோ… பேபி… அலோ!”

லைன் போய்விட்டது. கொஞ்ச நேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். பூத்துப் பெண் மறுபடி போட்டுத் தரட்டுமா என்பதுபோல் கையைக் காட்டினாள்.

“வாணாம்மா. போதும்.”

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ஞானம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். முகத்தை மட்டும் அவர் பக்கம் திருப்பவில்லை.

“சரின்னுட்டா… நெசமா… நாளைக்கு மொத ஓலைய வாசிக்கச் சொல்லிட்டா… இரு, எங்க ஓட்ற? அந்த உருண்ட விசயம்… சரி, நட, நட. கோயிலுக்கே போலாம்.”

ஞானம்மாள் ஏற்கனவே ரோட்டைத் தாண்டியிருந்தாள். சாமியார் மத்தியானத் தூக்கத்துக்குப் போவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் விரைந்த வேகத்தில், புருஷன் என்று ஒருவர் பின்னால் வருகிறார் என்ற நினைப்பே இருந்ததாகத் தெரியவில்லை. ஏசுபாதம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பின்னால் நடந்தார். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று பூத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ஞானம்… ஏ ஞானம்! நீ கேட்ட இல்ல? அவ பாட்டுக்கு சிரிக்கறா, சரின்றா. இவ்ளோ பெரிய விசயத்த இம்மாஞ்சுளுவா எவனாவது வுடுவானா?… எங்கியோ இடிக்குது. நானா இருந்தா வுட்டிருக்கமாட்டேன்.”

அவள் திரும்பவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கோயில் தெருவில் திரும்பினார்.